மருந்தெனும் தகுதி

நோயுற்றவனின் உடலுக்குள் செலுத்தப்படும் எப்பொருளும் அவன் நலத்தின் பொருட்டுச் செலுத்தப்படுகிறதா, பிறர் அறிவின் பொருட்டுச் செலுத்தப்படுகிறதா என்னும் வினா மருத்துவம் தோன்றிய நாள்தொட்டு இருந்து வருவது. புற்றுநோய்க்கெனப் புதிது புதிதாகச் செயற்கைச் சேர்மங்கள் படைக்கப்படும் இக்காலத்தில் அவ்வினா முன்னெப்போதினும் கூர்மை பெற்றிருக்கிறது. வழிவழியாகக் கையாளப்பட்ட மூலிகைக்கு, குறையோ நிறையோ, முன்னோர் பட்டறிவு ஒன்று உண்டு. இயற்கையில் எங்கும் இல்லாத ஒரு மூலக்கூறை மனிதன் தன் அறிவால் சமைத்து, அதனை மற்றொரு மனிதனின் குருதியில் கலக்க முற்படுங்கால், அது நன்மை செய்யுமா தீமை செய்யுமா என்று சொல்ல மரபு இல்லை, சாட்சி இல்லை. சோதனை ஒன்றே உண்டு. ஆதலின் அச்சோதனையை நடத்துவோரின் நேர்மையே அம்மருத்துவத்தின் நேர்மையாகவும் ஆகிவிடுகிறது.

இக்கருத்தை இன்று வலியுறுத்த வேண்டிய தேவை ஏன் எழுந்தது என்பதை நாளிதழ் படிப்போர் அறிவர். ஏதேனும் ஓர் ஆய்வகத்தில் ஒரு சேர்மம் புற்றுநோய் உயிரணுக்களை அழித்தது என்ற செய்தி வந்த மறுநாளே, ‘புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடிப்பு’ என்னும் தலைப்பு கொட்டை எழுத்துகளில் வெளிவருகிறது. அத்தலைப்பைப் படிப்பவர்களுள் நோயாளிகள் இருக்கிறார்கள்; நடந்துகொண்டிருக்கும் சிகிச்சையை நிறுத்திவிட்டு அந்தப் புது மருந்துக்காகக் காத்திருக்கலாமா என்று மருத்துவரை வினவும் உறவினர்கள் இருக்கிறார்கள். சேர்மம் வேறு, மருந்து வேறு. முன்னதற்கும் பின்னதற்கும் இடையே பத்தாண்டுக்கும் மேற்பட்ட தொலைவு பெரும்பாலும் உண்டு. அத்தொலைவைக் கடந்தவை மிகச் சில.

ஆய்வகத்தில் நிகழ்வது யாதெனத் தெளிவாகக் கூறிவிடுதல் நன்று. பல ஆண்டுகளுக்கு முன் ஏதோ ஒரு நோயாளியிடமிருந்து எடுக்கப்பட்டு, வழிவழியாக ஊட்டநீரில் வளர்க்கப்பட்டுவரும் உயிரணுக்கள் சிறு குழிகள் கொண்ட தட்டில் இடப்படுகின்றன. அவற்றின்மேல் புதிய சேர்மம் வெவ்வேறு செறிவுகளில் ஊற்றப்படுகிறது. ஓரிரு நாள் கழித்து ஒரு மஞ்சள் நிறப்பொருள் சேர்க்கப்படுகிறது. உயிருள்ள அணுக்கள் அதனை ஊதாவாக மாற்றும், இறந்தவை மாற்றா. நிறத்தின் அடர்த்தியை அளந்து, பாதி உயிரணுக்களை அடக்கத் தேவைப்படும் செறிவு கணக்கிடப்படுகிறது. எம்.டி.டி. சோதனை என்று வேதியியல் மாணவர் அனைவரும் அறிந்த இம்முறை பயனுள்ளது, மலிவானது, முதற்சல்லடையாகத் தகுந்தது. ஆனால் கொதிநீரும் அத்தட்டில் உள்ள உயிரணுக்களைக் கொல்லும் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். நோயுற்ற அணுவை அழித்து நலமுற்ற அணுவை விட்டுவைக்குமா, வயிற்றிலும் கல்லீரலிலும் சிதையாமல் கட்டியை எட்டுமா, எட்டும் அளவில் கொடுத்தால் இதயமும் எலும்பு மச்சையும் தாங்குமா என்னும் வினாக்களில் ஒன்றுக்கேனும் அத்தட்டு விடை கூறாது.

அத்தட்டிலுள்ள உயிரணுக்களே தம்மைப் பற்றிப் பொய்ச்சான்று பகர்ந்ததும் உண்டு. மார்பகப் புற்றுநோயின் உயிரணுக்கள் என்று நம்பி உலகெங்கும் நெடுங்காலம் ஆய்வுக்குப் பயன்படுத்தப்பட்ட எம்.டி.ஏ.-எம்.பி.-435 என்னும் வகை, உண்மையில் தோலின் நிறமி அணுக்களில் தோன்றும் புற்றுநோயைச் சேர்ந்தது என்பது பின்னர் மெய்ப்பிக்கப்பட்டது. அமெரிக்காவின் ஆம்ஜென் நிறுவனத்து அறிஞர்கள், புற்றுநோய் ஆய்வில் மைல்கற்களாகக் கருதப்பட்ட 53 ஆய்வுகளை மீளச் செய்து பார்க்க முயன்று, அவற்றுள் 6 மட்டுமே உறுதிப்பட்டன என்று 2012-இல் எழுதினர். நம் அடுக்களை மஞ்சளின் குர்குமினும் இவ்வரிசையில் வருவதே. ஆய்வகத் தட்டுகளில் ஏறத்தாழ எல்லா நோயையும் வெல்வதாகத் தோன்றிய அச்சேர்மம், நிலையற்றது, உடலில் நன்கு ஏறாதது, பல சோதனை முறைகளைத் தவறான விடை கூறச் செய்யும் இயல்புடையது என்பதை மருந்து வேதியியலாளர்கள் 2017-இல் விரிவாக எடுத்துக்காட்டினர். மஞ்சளின் மீது நமக்குள்ள பற்றுக்கு இதனால் இழுக்கு ஏதும் இல்லை. பற்று சான்றாகாது என்பதே செய்தி.

இனி, இந்நெடுவழியை நேர்மையுடன் கடந்த ஒரு முன்னுதாரணத்தைக் காண்போம். அதன் தொடக்கத்தில் சென்னைக்கும் பங்குண்டு. 1895-இல் அன்றைய சென்னை மாகாணத்துப் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, கதர் உடுத்தியமையால் ஆங்கிலேயப் பேராசிரியர் ஒருவரின் சினத்துக்கு ஆளாகி, முழுப் பட்டம் மறுக்கப்பட்டுக் குறைந்த தகுதிச் சான்றுடன் வெளியேறியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். 1920-களின் தொடக்கத்தில் அமெரிக்கா சென்று, ஹார்வர்டில் உடலின் பாஸ்பரசு பற்றிய அரிய ஆய்வுகளைச் செய்தும் அங்கே நிலையான பதவி வாய்க்காமல், 1940-இல் நியூயார்க் மாநிலத்தின் லெடர்லே ஆய்வகத்தில் சேர்ந்தார். அவர் தலைமையில் இயங்கிய வேதியியலாளர் குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தொகுத்தது. பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் நோய்க்குறியியலாளர் சிட்னி ஃபார்பர், அவ்வமிலத்தைச் சார்ந்த பொருள்களைக் குருதிப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்குக் கொடுத்தபோது, நோய் தணியவில்லை. விரைந்து முற்றியதாகவே தோன்றியது.

இந்தத் தோல்வியை அவர் மறைத்திருக்கலாம். மறைத்திருந்தால் ஒரு துறையே பிறந்திராது. ஃபோலிக் அமிலம் நோய்க்கு உணவாகிறது என்றால், அதனைப் போலவே தோற்றமளித்து அதன் இடத்தைப் பற்றிக்கொண்டு, ஆனால் அதன் பணியைச் செய்யாத ஒரு போலி மூலக்கூறு நோயைப் பட்டினியிடலாம் அன்றோ என்னும் எண்ணம் எழுந்தது. லெடர்லே குழு அத்தகைய எதிர்ப்பொருள்களைத் தொகுத்து அனுப்பியது. அவற்றுள் ஒன்றான அமினோப்டெரின், ஃபோலிக் அமிலத்திலிருந்து வேறுபடுவது மிகச் சிறிதே. ஓரிடத்தில் இருந்த ஹைட்ராக்சில் தொகுதிக்குப் பதிலாக ஓர் அமினோ தொகுதி. 1947-ஆம் ஆண்டின் இறுதியில் ஃபார்பர் அதனைக் குழந்தைகளுக்குக் கொடுக்கத் தொடங்கினார். 1948 ஜூனில் வெளியான அவரது அறிக்கை, 16 குழந்தைகளுள் 10 பேரிடம் முன்னேற்றம் தென்பட்டதைக் கூறியது. அத்தணிவு தற்காலிகமானது என்பதைக் கட்டுரையின் தலைப்பிலேயே அவர் அறிவித்துவிட்டார். பின்னர் நோய் மீண்டும் வந்ததையும், மருந்தின் நச்சுத்தன்மையையும் ஒளிக்கவில்லை. அறிக்கை வெளிவந்த இரண்டாம் திங்களில் சுப்பாராவ் மறைந்தார்.

அன்றைய சோதனை இன்றைய விதிகளின் அளவுகோலில் நிறைவானது என்று நாம் கூற வரவில்லை. பெற்றோரிடம் ஒப்புதல் பெறும் முறைகள் அன்று வகுக்கப்பட்டிருக்கவில்லை. உடன் பணியாற்றியோரே ஃபார்பரைக் கடுமையாக எதிர்த்தனர். ஆயினும் அவர் வேறு வழியற்ற நோயில் தொடங்கினார். கண்டதைக் கண்டவாறே கூறினார். அதனால் பின்வந்தோர் அவர் நின்ற இடத்திலிருந்து நடக்க முடிந்தது. அமினோப்டெரினின் உடன்பிறப்பான மெத்தோட்ரெக்சேட், 1950-களின் நடுவில் அமெரிக்காவின் தேசிய நலவாழ்வு நிறுவனத்தில், கருப்பையில் தோன்றும் ஒரு கொடிய புற்றுநோயை மருந்தால் மட்டுமே முற்றிலும் நீக்கிக் காட்டியது. பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறை அறுபதுகளில் வளர்ந்தது. எண்பதுகளில் மும்பை டாடா நினைவு மருத்துவமனை, புதுதில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகம், முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் நிறுவிய சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம் ஆகிய மூன்றும் பொதுவான ஒரே சிகிச்சை நெறியை ஏற்றுக் குழந்தைகளின் குருதிப் புற்றுநோயை எதிர்கொண்டபோது, பிழைத்தோர் தொகை பெருகியது. பாஸ்டனில் தற்காலிகமாகத் தணிந்த அந்நோயில், இன்று வளமிக்க நாடுகளில் பத்துக்கு ஒன்பது குழந்தைகள் பிழைக்கின்றனர். மெத்தோட்ரெக்சேட் இன்றும் அச்சிகிச்சையில் ஓர் உறுப்பு.

இதற்கு மாறான முன்னுதாரணமும் உண்டு. அது நமக்கு மிக அருகில் நிகழ்ந்தது. 1999 நவம்பர் முதல் 2000 ஏப்ரல் வரை, திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தில் வாய்ப் புற்றுநோய்க்கு வந்திருந்த இருபதுக்கும் மேற்பட்ட நோயாளிகளின் கட்டிகளில் ஒரு செயற்கைச் சேர்மம் ஊசிவழி செலுத்தப்பட்டது. அமெரிக்கப் பாலைநிலத்துப் புதர் ஒன்றில் காணப்படும் ஒரு பொருளை வேதிமுறையில் மாற்றி, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவாக்கப்பட்டது அச்சேர்மம். அம்மையத்திலேயே பணியாற்றிய மருத்துவர் ஒருவர் குரல் எழுப்பியதன் பின்னரே செய்தி வெளிப்பட்டது. 2001 நவம்பரில் அப்பல்கலைக்கழகம் தன் விசாரணையின் முடிவை அறிவித்தது: மனித ஆய்வுகளுக்கு ஒப்புதல் அளிக்கும் பல்கலைக்கழகக் குழுவின் அனுமதி பெறப்படவில்லை, மனிதருக்குச் செலுத்துமுன் நிகழ்த்தியிருக்க வேண்டிய விலங்குச் சோதனைகள் போதுமானவையாக இல்லை. தொடர்புடைய அறிவியலாளர் மனிதர் மீதான ஆய்வுகளுக்குத் தலைமை ஏற்பது தடை செய்யப்பட்டது.

இந்நிகழ்வில் மற்றொரு செய்தியும் பொதிந்திருக்கிறது. அதனைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. அதே சேர்மம், பிற்காலத்தில் டெராமெப்ரோகால் என்னும் பெயருடன், அமெரிக்காவில் முறையான ஒப்புதலின் கீழ் முதற்கட்டச் சோதனைகளுக்கு உட்படுத்தப்பட்டது. அங்ஙனமாயின் குற்றம் சேர்மத்தில் இல்லை. ஓரிடத்தில் பொறுமையுடன் ஏறப்பட்ட படிகள், மற்றோரிடத்தில் ஏழை நோயாளிகளின் உடல் எளிதில் கிடைத்தது என்பதற்காகத் தாண்டப்பட்டன. அறிவியலின் அவசரம் என்று இதனை மென்மையாக அழைப்போர் உளர். நாம் அவ்வாறு அழைக்க ஒருப்படோம், இது அறமின்மை.

புற்றுநோய்ச் சேர்மங்களின் முதற்கட்டச் சோதனை, பிற மருந்துகளின் சோதனையினும் கடினமான ஓர் அறச்சிக்கலை உடையது. காய்ச்சலுக்கோ குருதி அழுத்தத்துக்கோ உரிய புதுமருந்தை முதலில் நலமுற்ற தன்னார்வலர் உட்கொண்டு பார்க்கலாம். உயிரணுவைக் கொல்லவே படைக்கப்பட்ட பொருளை நலமுற்றவருக்குக் கொடுப்பது பெரும்பாலும் முறையன்று. ஆகவே ஏற்கெனவே எல்லாச் சிகிச்சையும் பயனற்றுப்போன நோயாளிகளே முதலில் அழைக்கப்படுகின்றனர். அக்கட்டத்தின் நோக்கம் நோயைக் குணப்படுத்துவது கூட அன்று. எவ்வளவு கொடுத்தால் உடல் தாங்கும் என்று அறிவதே. முதலில் சேர்ந்தவர்களுக்குச் சிறிதளவும் பின்வருவோர்க்கு மேன்மேலும் கூடுதலும் கொடுக்கப்படும். சிறிதளவு பெற்றவர் பயனின்றி இறப்பதும், பேரளவு பெற்றவர் நஞ்சால் துன்புறுவதும் நிகழக்கூடியவை. முதற்கட்டத்துள் நுழையும் புற்றுநோய்ச் சேர்மங்களில் ஏறத்தாழ இருபதில் ஒன்றே இறுதி ஒப்புதலை எட்டுகிறது. இதை அறிந்தும் பின்வரும் நோயாளிகளின் பொருட்டுத் தம் உடலைத் தருவோர் இருக்கிறார்கள்; அவர்களது ஈகை போற்றத்தக்கது. ஆனால் அறிந்து தருவதே ஈகை. இதுவே தம்மைக் காக்கப்போகும் மருந்து என்று நம்பவைக்கப்பட்டு, படித்தறிய இயலாத ஒரு தாளில் பெருவிரல் பதித்தவரிடமிருந்து பெறப்படுவது ஈகை ஆகாது.

சட்டம் இப்பொழுது ஓரளவு விழித்துக்கொண்டிருக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. மனிதர் மீதான மருந்துச் சோதனைகளை அரசின் பொதுப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிவு செய்வது 2009 ஜூன் முதல் கட்டாயமாக்கப்பட்டது. 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருந்துச் சோதனை விதிகள், நெறிமுறைக் குழுவின் பொறுப்பையும், சோதனையில் ஊறுபட்டோர்க்கான இழப்பீட்டையும் வரையறுக்கின்றன. முற்றிலும் புதிய சேர்மத்தின் சோதனையில் எளிதில் பாதிப்புக்குள்ளாகக்கூடியவர்கள் ஒப்புதல் அளிப்பதை ஒலியும் காட்சியுமாகப் பதிவு செய்யவும் பணிக்கின்றன. நீதிமன்றமும் தன் பங்கைச் செய்திருக்கிறது. நாட்பட்ட ஒருவகைக் குருதிப் புற்றுநோயின் வேரான குறைபாட்டை 1960 முதல் படிப்படியாக ஆராய்ந்து, அதற்கெனவே வடிவமைக்கப்பட்ட இமாட்டினிப், 2001-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. தொடக்கச் சோதனையில் உரிய அளவில் மருந்து பெற்ற 54 நோயாளிகளுள் 53 பேரின் குருதி அணுக்கள் இயல்பு நிலைக்குத் திரும்பின. அம்மருந்தின் ஒரு படிக வடிவத்துக்கு நோவார்ட்டிஸ் நிறுவனம் கோரிய காப்புரிமையைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006-இல் மறுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று 2013 ஏப்ரல் 1-இல் முடிந்தது. புது வடிவம் உடலில் முப்பது விழுக்காடு கூடுதலாக ஏறுகிறது என்ற வாதத்தைக் கேட்ட நீதிமன்றம், நோயைத் தீர்க்கும் திறன் கூடியுள்ளதாக மெய்ப்பிக்கப்படவில்லை என்று கூறி மறுப்பை உறுதி செய்தது. அத்தீர்ப்பை விலை குறைந்ததன் பொருட்டே பலரும் கொண்டாடினர். சேர்மத்தின் பெருமை நோயாளியிடம் மெய்ப்பிக்கப்பட வேண்டும் என்னும் அதன் அடிப்படைக்கூற்றை நாம் அதனினும் பெரிதாக மதிக்கிறோம்.

இவ்வளவும் இருந்தும், நம் பல்கலைக்கழகங்களின் நிலை கவலைக்குரியது. வேதியியல் துறைகளில் அறிவும் உழைப்பும் மிக்க மாணவர்கள் புதுப்புதுச் சேர்மங்களைத் தொகுக்கிறார்கள், கணினியில் அவை ஒரு புரதத்தோடு பொருந்துவதைக் காட்டுகிறார்கள், மூன்று நான்கு வகை உயிரணுக்களில் சோதிக்கிறார்கள், கட்டுரை வெளியாகிறது, பட்டம் கிடைக்கிறது, குப்பி அலமாரிக்குள் போகிறது. அதற்கப்பால் வழியில்லை. விலங்குகளில் நச்சுத்தன்மையை உலகம் ஏற்கும் தரத்தில் ஆராய்வதற்குப் பெரும்பொருள் வேண்டும். ஓர் ஆய்வு மாணவரின் உதவித்தொகையில் அது நடவாது. வழி இல்லாத இடத்தில் வீண்பெருமை வளர்வது இயல்பே. அடுத்த படிக்குச் செல்ல இயலாதவர், நின்ற படியையே சிகரம் என்று அறிவிக்க நேர்கிறது. மாணவரை மட்டும் குறை கூறுவது எளிது, ஆனால் முறையன்று. கட்டுரைகளின் எண்ணிக்கையால் அறிவை அளக்கும் ஆட்சிமுறையே முதற்பொறுப்பை ஏற்க வேண்டும்.

எனவே தமிழ்நாடு அரசை நாம் கேட்பது இது. பல்கலைக்கழகங்களில் தொகுக்கப்படும் சேர்மங்களுள் தகுதியுடையவற்றைத் தேர்ந்து, இரண்டாம் ஆய்வகத்தில் மீளச் சோதித்து, நச்சுத்தன்மை ஆய்வு வரை கொண்டு செல்லும் பொது நிலையம் ஒன்று அரசுப் பொறுப்பில் அமைய வேண்டும். அங்குத் தோற்ற சேர்மங்களின் விவரமும் வென்றவற்றின் விவரத்தைப் போலவே வெளியிடப்பட வேண்டும். தோல்வியை முறையாக மெய்ப்பித்த ஆய்வேட்டுக்கும் பட்டம் உண்டு என்று பல்கலைக்கழகங்கள் அறிவிக்க வேண்டும். மருத்துவமனைகளின் நெறிமுறைக் குழுக்கள், சோதனை நடத்தும் துறைத்தலைவரின் நிழலில் இயங்காதவாறு, வெளியிலிருந்து வருவோரைப் பெரும்பான்மையாகக் கொண்டு அமைதல் நன்று. திருவனந்தபுரத்தில் உண்மையைக் கூறியவர் உள்ளிருந்த மருத்துவர் என்பதால், அவ்வாறு கூறுவோர்க்குப் பணிப் பாதுகாப்பும் வேண்டும்.

இதழ்களின் கடமை இதனினும் சிறிதன்று. எவ்வுயிரில், எத்தனை பேரில், எந்தக் கட்டத்தில் சோதிக்கப்பட்டது என்பதைக் கூறாமல் ‘மருந்து’ என்னும் சொல்லைத் தலைப்பில் இடுவது, நோயாளிக்குச் செய்யும் வஞ்சனை. இவ்விதழின் பக்கங்களில் அதற்கு இடமில்லை.

நோயுற்றோர்க்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் ஒரு சொல். புதிய மருந்தின் சோதனையில் சேருமாறு யாரேனும் அழைத்தால், அஞ்சி ஓட வேண்டுவதில்லை. நன்கு நடத்தப்படும் சோதனையில் சேர்வது நாட்டுக்குச் செய்யும் தொண்டு. ஆனால் ஒப்புதல் தாளைத் தமிழில் கேளுங்கள். வீட்டுக்கு எடுத்துச் சென்று படியுங்கள், படித்தறிந்த ஒருவரைக்கொண்டு படிக்கச் செய்யுங்கள். இது எத்தனையாவது கட்டம், எனக்கு முன் எத்தனை பேருக்குக் கொடுக்கப்பட்டது, ஊறு நேர்ந்தால் பொறுப்பு யாருடையது என்று வினவுங்கள். எப்பொழுது வேண்டுமானாலும் விலகும் உரிமை உங்களுக்கு உண்டு. விலகியதற்காக வழக்கமான சிகிச்சையை யாரும் மறுக்க முடியாது. அரசுப் பதிவேட்டில் அச்சோதனைக்குரிய பதிவெண்ணைக் கேட்டு வாங்குங்கள். பதிவெண் தர மறுத்தால் கையொப்பமிட வேண்டா.